ரத்தம் கொடுக்கும் முன்பே பேச வேண்டியவை: புரோஸ்டேட் புற்றுநோயும் பி.எஸ்.ஏ. சோதனையும்

ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் பலருக்கு, புரோஸ்டேட் சுரப்பிக்கான ரத்தச் சோதனையான பி.எஸ்.ஏ.வின் பெயர் முதலில் அறிமுகமாவது ஒரு ரிப்போர்ட்டில்தான். முழு உடல் பரிசோதனையில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, கிரியாட்டினின் என்று வரிசையாகப் போய், கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்: 4.6. பக்கத்தில் அளவு மீறியதைக் காட்டும் ஓர் அம்புக்குறி. அந்தச் சோதனை எதற்கு, கூடியிருந்தால் அடுத்து என்ன என்று யாரும் அவரிடம் பேசியிருக்க மாட்டார்கள். நண்பர்களிடம் கேட்டால் ஒருவர் ‘எனக்கு 7 இருந்தது, ஒன்றுமே இல்லை’ என்பார். இன்னொருவர் ‘என் மச்சானுக்கு 5தான் இருந்தது, ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது’ என்பார். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டை வைத்தும் இவர் ஒரு முடிவுக்கு வர முடியாது.

பி.எஸ்.ஏ. விஷயத்தில் பேச வேண்டியதை ரத்தம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். ரத்தச் சோதனையால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. அதைத் தொடர்ந்து வரக்கூடிய ஸ்கேன், பயாப்ஸி (ஊசியால் திசுத் துண்டு எடுத்துச் சோதிப்பது), அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவற்றில்தான் நன்மையும் இருக்கிறது, இழப்பும் இருக்கிறது. அளவு கூடியிருந்தால் எதுவரை போகலாம், எங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே யோசித்தவர் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற மாட்டார். யோசிக்காதவர் பயத்தில் ‘உடனே எடுத்துவிடுங்கள் டாக்டர்’ என்பார். அல்லது ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மறக்கப் பார்ப்பார். இரண்டுமே ஆபத்தான முடிவுகள்.

அந்த எண் எதைச் சொல்கிறது

புரோஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி. இளவயதில் 20 கிராம் அளவில் இருக்கும். நாற்பதுக்கு மேல் மெல்ல மெல்லப் பெருக்கும். விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. அந்தத் திரவத்தில் உள்ள ஒரு நொதிதான் பி.எஸ்.ஏ. வெளியேறிய விந்து முதலில் கூழாகக் கட்டிக்கொள்ளும். அதை நீர்க்கச் செய்வது இந்த நொதி. ரத்தத்துக்குள் மிகச் சொற்பமாகவே கசியும். அந்தக் கசிவைத்தான் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை நானோகிராம் என்று அளக்கிறார்கள்.

சுரப்பியின் திசு அமைப்பு குலைந்தால் கசிவு கூடும். குலைப்பது புற்றாக இருக்கலாம்; வயதோடு வரும் சாதாரணப் பெருக்கமாக இருக்கலாம்; கிருமித் தொற்றாகவோ அழற்சியாகவோ இருக்கலாம். சுரப்பி பெரிதாக இருந்தாலே சுரக்கும் செல்களும் அதிகம், கசிவும் அதிகம். ஆக, பி.எஸ்.ஏ. புரோஸ்டேட்டுக்கே உரியது; ஆனால் புற்றுநோய்க்கே உரியது என்று சொல்ல முடியாது. அளவு கூடியதற்காகப் பயாப்ஸி செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான் புற்று தென்பட்டு வந்திருக்கிறது.

இந்தச் சோதனை நோயே இல்லாதவர்களைச் சலித்தெடுக்க உருவானதும் அல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1986-இல் இதற்கு அனுமதி கொடுத்தபோது, புற்று இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்களைக் கண்காணிக்கத்தான் கொடுத்தது. கண்டுபிடிக்கவும் உதவும் என்று, விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையோடு சேர்த்து அனுமதித்தது 1994-இல். 4.0 என்ற எல்லைக்கோடு அந்தக் காலத்தில் வேரூன்றியது. அது எவ்வளவு தோராயமானது என்பதை 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பி.எஸ்.ஏ. 4-ஐத் தாண்டாத, தொட்டுப் பார்த்ததில் குறை தெரியாத 2,950 ஆண்களுக்குப் பயாப்ஸி செய்தார்கள். 15.2 சதவீதம் பேருக்குப் புற்று இருந்தது. 0.5-க்கும் கீழே இருந்தவர்களிலேயே 6.6 சதவீதம்; 3.1 முதல் 4.0 வரை இருந்தவர்களில் 26.9 சதவீதம். இந்த அளவுக்குக் கீழ் இருந்தால் கவலையே இல்லை என்று சொல்ல ஓர் எண் கிடையாது. எண் ஏற ஏற ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது, அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு நம்பிக்கையையும் சரிசெய்ய வேண்டும். ‘எனக்குச் சிறுநீர் நன்றாகப் போகிறது, புரோஸ்டேட் தொந்தரவே இல்லை’ என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். புற்றுகளில் பெரும்பாலானவை சுரப்பியின் வெளி ஓரத்தில், மலக்குடலை ஒட்டிய பகுதியில் தொடங்குகின்றன. சிறுநீர்க்குழாய் உள்ளே நடுவில் போகிறது; அதை நெருக்கிச் சொட்டுச் சொட்டாகப் போக வைப்பதும், இரவில் நான்கு முறை எழுப்புவதும் பெரும்பாலும் நடுப்பகுதியின் சாதாரணப் பெருக்கம்தான். எனவே தொந்தரவு இருந்தால் அது புற்று என்றும் கொள்ள வேண்டாம், தொந்தரவு இல்லாவிட்டால் புற்று இல்லை என்றும் கொள்ள வேண்டாம்.

ரத்தம் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தேவையற்ற பயத்தில் பெரும் பகுதி இந்தக் கட்டத்தில் நடக்கும் கவனக்குறைவால் வருவது. விந்து வெளியேற்றம் சிறிது நேரத்துக்கு அளவைக் கூட்டும். 48 மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. நீண்ட நேரம் சைக்கிள் ஓட்டியிருந்தாலும் அதே இடைவெளி போதும். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் கதை வேறு. புரோஸ்டேட் வரை கிருமி பரவினால் பி.எஸ்.ஏ. பல மடங்கு எகிறும், இறங்க வாரக்கணக்கில் ஆகும். சிகிச்சை முடிந்து குறைந்தது 6 வாரம் கழித்துத்தான் சோதிக்க வேண்டும். சிறுநீர் அடைத்து டியூப் போட்டிருந்தாலும், பயாப்ஸி செய்திருந்தாலும் இதே காத்திருப்பு. விரலால் பரிசோதிப்பதால் பெரிய மாற்றம் வராது. ஆனாலும் முதலில் ரத்தத்தை எடுத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

பொய்யாக அளவைக் குறைத்துக் காட்டும் மருந்துகள்தான் அதிக ஆபத்து. புரோஸ்டேட் பெருக்கத்துக்குத் தரப்படும் ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு இரண்டும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பி.எஸ்.ஏ.வை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். முடி உதிர்வதற்காகச் சாப்பிடும் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடும் குறைக்கும். அதை யாரும் புரோஸ்டேட் மருந்தாக நினைப்பதில்லை, டாக்டரிடம் சொல்வதும் இல்லை. இந்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவருக்கு ரிப்போர்ட்டில் 2.6 என்று வந்தால், அம்புக்குறியும் இருக்காது, கவலையும் வராது. ஆனால் அதை இரண்டால் பெருக்கி 5.2 என்றுதான் படிக்க வேண்டும். அது மட்டுமல்ல, மருந்தால் ஒரு தாழ்ந்த அளவுக்கு இறங்கி நின்ற பி.எஸ்.ஏ. மறுபடி ஏறத் தொடங்கினால், 4-க்குக் கீழே இருந்தாலும் அந்த ஏற்றத்தை அலட்சியம் செய்யக் கூடாது. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் அதிக அளவு பயோட்டின் மாத்திரைகளும் சில ஆய்வுக்கூட முறைகளைக் குழப்பும். ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிட்டால், எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள்.

முதல் முறை அளவு கூடி வந்தால் அடுத்த வேலை பயாப்ஸிக்குத் தேதி குறிப்பது அல்ல, சோதனையைத் திரும்பச் செய்வது. சில வாரங்கள் கழித்து, முடிந்தால் அதே ஆய்வுக்கூடத்தில். ஒரே மனிதருக்கு எந்த நோயும் இல்லாமலே இந்த அளவு 15 முதல் 20 சதவீதம் வரை மேலும் கீழும் ஆடும். கருவிக்குக் கருவி, அதன் அடிப்படை அளவீட்டு முறைக்கு ஏற்பவும் வித்தியாசம் வரும். 3.9-இலிருந்து 4.4 ஆகிவிட்டது என்று தூக்கம் கெடுவதில் பொருளில்லை; இரண்டும் ஒரே அளவாகவே இருக்கலாம். கணிசமானவர்களுக்கு இரண்டாவது சோதனையில் அளவு இறங்கிவிடுகிறது. அறிகுறியே இல்லாதவருக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பி.எஸ்.ஏ.வை இறக்கிப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறது. ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல் அதை வேண்டாம் என்கிறது. தொற்று இல்லாத இடத்தில் மருந்து கொடுத்தால் மிஞ்சுவது, மருந்துக்கு அடங்காத கிருமிகள் மட்டுமே.

உயிரைக் காப்பாற்றுகிறதா?

காப்பாற்றுகிறது. ஆனால் எவ்வளவு, என்ன விலைக்கு என்பதில்தான் முப்பது வருடமாக வாதம் நடக்கிறது.

ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 55 முதல் 69 வயது வரையிலான சுமார் 1,62,000 ஆண்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து நடந்த ஆய்வுதான் இதில் முதன்மையானது. ஒன்பது ஆண்டுக் கணக்கு 2009-இல் வந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் புரோஸ்டேட் புற்றால் நேர்ந்த மரணங்கள் 20 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் ஒரு மரணத்தைத் தவிர்க்க 1,410 பேரை அழைக்க வேண்டியிருந்தது. 48 பேருக்குக் கூடுதலாகச் சிகிச்சை தர வேண்டியிருந்தது. இந்தப் புற்று மெதுவாக வளர்வது என்பதால் காலம் போகப் போக விகிதம் மேம்பட்டது. 16 ஆண்டு முடிவில் 570 பேருக்கு ஒருவர். 2025-இல் வந்த 23 ஆண்டுக் கணக்கில் 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தவிர்கிறது. கூடுதலாகக் கண்டறியப்படுபவர்கள் 12 பேர். அந்தக் கணக்கின்படி மரணக் குறைவு 13 சதவீதம்.

அமெரிக்காவில் 76,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த ஆய்வும் 2009-இல்தான் வந்தது. அது பயனே இல்லை என்றது. பிறகு பார்த்தால், சோதனை செய்யக் கூடாத குழுவில் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் தாங்களாகவே வெளியே போய்ச் சோதனை செய்துகொண்டிருக்கிறார்கள். சோதித்தவர்களைச் சோதித்தவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? பிரிட்டனில் ஒரே ஒரு முறை மட்டும் சோதனைக்கு அழைத்துப் பார்த்த பெரிய ஆய்வில், 15 ஆண்டு முடிவில் புரோஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் 0.69 சதவீதம், அழைக்கப்படாத குழுவில் 0.78 சதவீதம். பயன் இருக்கிறது, சிறியது. ஒரே ஒரு முறை சோதித்துவிட்டுப் பிறகு விட்டுவிடுவதால் அதிகம் கிடைக்காது என்றே நாங்கள் இதைப் படிக்கிறோம்.

அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2012-இல் எந்த வயதினருக்கும் இந்தச் சோதனை வேண்டாம் என்றது. 2018-இல் நிலையை மாற்றி, 55 முதல் 69 வயதுக்காரர்கள் மருத்துவரோடு பேசித் தாங்களே முடிவெடுக்கலாம் என்றது. எழுபதுக்கு மேல் வேண்டாம் என்பது தொடர்ந்தது. அது போட்ட கணக்கை ஒவ்வொருவரும் ஒரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். 55 முதல் 69 வயதுள்ள 1,000 ஆண்கள் 13 ஆண்டுகளுக்குச் சோதித்துக்கொண்டே வந்தால், 240 பேருக்கு எப்போதாவது அளவு கூடி வரும். 100 பேருக்குப் புற்று உறுதியாகும். 80 பேர் உடனேயோ பின்னரோ அறுவை சிகிச்சை அல்லது கதிர்வீச்சுக்குப் போவார்கள். அவர்களில் 50 பேருக்கு விறைப்புத்தன்மை போகும். 15 பேருக்குச் சிறுநீர் கட்டுப்பாடு போகும். புற்று பரவுவதிலிருந்து தப்புபவர் 3 பேர். மரணத்திலிருந்து தப்புபவர் ஒருவர், சற்றுக் கூட இருக்கலாம். சோதித்தும் 5 பேர் இந்தப் புற்றாலேயே இறப்பார்கள்.

‘சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லதுதானே’ என்ற கேள்வி நியாயமானது. ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்ததாலேயே கணக்கு அழகாகத் தெரியும் ஒரு மயக்கமும் உண்டு. ஒருவர் 72 வயதில் இந்தப் புற்றால் இறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு வலி வந்து 68-இல் கண்டுபிடித்தால், நோயோடு 4 வருடம் வாழ்ந்தார் என்று எழுதுவோம். அதே மனிதருக்கு 60-இல் பி.எஸ்.ஏ. மூலம் கண்டுபிடித்து, அப்போதும் 72-இலேயே இறந்தால், 12 வருடம் வாழ்ந்தார் என்று எழுதுவோம். ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை. நோயாளியாக இருந்த காலம் மட்டும் எட்டு வருடம் கூடியது. கண்டறிந்தபின் ஐந்தாண்டு உயிர்வாழும் விகிதத்தை வைத்துச் சோதனையின் பெருமை பேசும் விளம்பரங்களை நம்ப முடியாததற்குக் காரணம் இது. மரண எண்ணிக்கை குறைந்ததா என்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல், வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே செய்யாத புற்றுகள். வேறு காரணங்களால் இறந்த முதியவர்களின் பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், 79 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் புரோஸ்டேட்டில் புற்று செல்கள் இருந்தன. அவர்கள் அதை அறியாமலே வாழ்ந்து முடித்தவர்கள். தோண்டிக்கொண்டே போனால் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது வழி மாறியிருக்கிறது

மேலே சொன்ன ஆயிரம் பேர் கணக்கு, பி.எஸ்.ஏ. கூடினால் நேராகப் பயாப்ஸி, பயாப்ஸியில் எது தெரிந்தாலும் சிகிச்சை என்றிருந்த காலத்து ஆய்வுகளிலிருந்து எடுத்தது. இன்று நடுவில் இரண்டு தடுப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று பயாப்ஸிக்கு முன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மற்றொன்று சிகிச்சைக்குப் பதிலாகத் தீவிரக் கண்காணிப்பு. சோதனை செய்துகொள்வதில் எங்களுக்கு முன்பைவிட நம்பிக்கை கூடியிருப்பதற்கு இவைதான் காரணம். இவை இரண்டும் கிடைக்காத இடத்தில் சோதனை செய்துகொள்பவர் பழைய கணக்கையே மனதில் வைத்துக்கொள்வது நியாயம்.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் பைரேட்ஸ் என்ற மதிப்பெண் 1 முதல் 5 வரை இருக்கும். 1, 2 என்றால் ஆபத்தான புற்று இருக்க வாய்ப்புக் குறைவு. 4, 5 என்றால் பயாப்ஸி தேவை. 3 என்பது இழுபறி. இந்த இழுபறியைத் தீர்க்க உதவுவது பி.எஸ்.ஏ. அடர்த்தி. ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வீட்டிலேயே போடக்கூடிய கணக்கு இது. சுரப்பியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 0.52-ஆல் பெருக்கினால் கொள்ளளவு மில்லிலிட்டரில் வரும். பி.எஸ்.ஏ.வை அந்தக் கொள்ளளவால் வகுக்க வேண்டும்.

இரண்டு பேருக்கும் பி.எஸ்.ஏ. 5.2 என்று எடுத்துக்கொள்வோம். முதலாமவரின் சுரப்பி 5.0, 4.6, 4.4 சென்டிமீட்டர். கொள்ளளவு சுமார் 53 மில்லிலிட்டர், அடர்த்தி 0.10. இரண்டாமவருக்கு 3.8, 3.4, 3.6. கொள்ளளவு 24, அடர்த்தி 0.21. வழக்கமாகப் பயன்படும் எல்லைக்கோடு 0.15. முதலாமவரின் 5.2-ஐப் பெருத்த சுரப்பியே பெரும்பாலும் விளக்கிவிடுகிறது, எம்.ஆர்.ஐ.யும் 1 அல்லது 2 என்றால், பயாப்ஸி இல்லாமல் பி.எஸ்.ஏ.வைத் தொடர்ந்து கவனிப்பது என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். இரண்டாமவரின் சிறிய சுரப்பிக்கு 5.2 அதிகம். அவருக்கு எம்.ஆர்.ஐ. 3 என்று வந்தாலும் பயாப்ஸி பற்றிப் பேச வேண்டும். ஒரே எண், இரண்டு பாதைகள். அளவு 4-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும்போது, புரதங்களோடு ஒட்டாமல் தனித்து உலவும் பி.எஸ்.ஏ.வின் சதவீதமும் உதவும்: 25-க்கு மேல் என்றால் ஆறுதல், 10-க்குக் கீழ் என்றால் சந்தேகம் கூடுகிறது.

ஸ்கேனிலும் தவறுகள் நேரும். பயாப்ஸி செய்து சில வாரங்களுக்குள் எடுத்தால் உள்ளே உறைந்திருக்கும் ரத்தம் படத்தைக் குழப்பும். அதனால்தான் ஸ்கேன் முதலில், பயாப்ஸி பிறகு. இடுப்பில் உலோக மூட்டு வைத்திருந்தால் படம் கலங்கும். புரோஸ்டேட் படங்களைப் படித்துப் பழகாத ரேடியாலஜிஸ்ட் கையில் மதிப்பெண் தடுமாறும். நல்ல கையில்கூடச் சில ஆபத்தான புற்றுகள் தப்பிவிடும். ஸ்கேன் சுத்தம் என்று வந்தபின்னும் பி.எஸ்.ஏ.வைத் தொடர்ந்து பார்ப்பது அதற்காகத்தான். ஆனாலும் லாபம் பெரிது. சுவீடனின் யோத்தபோரி நகரில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த இடத்தில் மட்டும் பயாப்ஸி எடுத்ததால், கண்டுபிடிக்கவே தேவையில்லாத சின்னப் புற்றுகளைக் கண்டறிவது 1.2 சதவீதத்திலிருந்து 0.6 சதவீதமாகக் குறைந்தது.

பயாப்ஸியில் ஊசி போகும் வழி இரண்டு. மலக்குடல் வழியாக, அல்லது விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோல் வழியாக. இரண்டாவதில் தொற்று குறைவு. வழக்கமாக 10 அல்லது 12 துண்டுகள், ஸ்கேனில் தெரிந்த இடத்திலிருந்து மேலும் சில. சிறுநீரில் சில நாள் ரத்தம் வரும். விந்தில் சில வாரங்கள் வரை துருப்பிடித்த நிறம் தெரியும். இவை எதிர்பார்த்தவைதான். குளிர்க் காய்ச்சல் வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது.

பயாப்ஸி ரிப்போர்ட்டில், புற்று செல்களின் முரட்டுத்தனத்தைக் காட்டும் க்ளீசன் மதிப்பெண் 6 என்று பார்த்ததும் பலர் பத்துக்கு ஆறு, பாதி வழி தாண்டிவிட்டது என்று ஒடிந்துபோகிறார்கள். நடைமுறையில் பயாப்ஸி ரிப்போர்ட்டில் எழுதப்படும் மிகக் குறைந்த மதிப்பெண்ணே 6தான். ஐந்து தரத் தொகுதிகளில் அது முதலாவது, அதாவது மிக மென்மையானது. பரவும் குணம் மிகமிகக் குறைவு. இந்த மதிப்பெண் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை; அதிகமாகத் தெரியும் செல் அமைப்பின் எண் முதலில் வரும். 3+4 என்று வரும் ஏழு இரண்டாம் தொகுதி, 4+3 என்று வரும் ஏழு மூன்றாம் தொகுதி. கூட்டுத்தொகை ஒன்றானாலும் பின்னது முரட்டுத்தனம் கூடியது. எனவே கூட்டுத்தொகையை மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது.

6 என்று வந்தவருக்குப் பெரும்பாலும் பொருத்தமான வழி தீவிரக் கண்காணிப்பு. சும்மா இருப்பது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., அவ்வப்போது எம்.ஆர்.ஐ., முதல் ஓராண்டு வாக்கில் ஒரு மறு பயாப்ஸி, பிறகு சில வருட இடைவெளியில் மீண்டும். இதில் நடக்கும் பெரிய தவறு, இரண்டு வருடம் எல்லாம் சரியாக இருந்ததும் போவதை நிறுத்திவிடுவது. கண்காணிப்பு பாதுகாப்பானதா என்பதற்குப் பிரிட்டனில் 1,643 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு நல்ல விடை தந்தது. அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்றாகப் பிரித்து 15 ஆண்டுகள் பார்த்ததில், மூன்று குழுக்களிலும் இந்தப் புற்றால் இறந்தவர்கள் 3 சதவீதத்தை ஒட்டியே இருந்தார்கள். புற்று பரவியது கண்காணிப்புக் குழுவில் 9.4 சதவீதம், மற்ற இரண்டிலும் 5 சதவீதம் அளவில். கண்காணிப்பில் தொடங்கியவர்களில் 61 சதவீதம் பேர் அந்தப் பதினைந்து ஆண்டுக்குள் சிகிச்சைக்கு மாறினார்கள். இதில் மறைக்க எதுவுமில்லை: மரணம் கூடவில்லை, பரவல் கூடியது, முடிவெடுக்க அவகாசம் கிடைத்தது.

யாருக்கு, எப்போது, எதுவரை

அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2023 வழிகாட்டுதல், பொதுவாக 45-க்கும் 50-க்கும் இடையில் ஒரு அடிப்படைச் சோதனை செய்துகொள்ளலாம் என்கிறது. 50 முதல் 69 வரை இரண்டிலிருந்து நான்கு வருடத்துக்கு ஒருமுறை. ஆபத்துக் கூடியவர்கள் 40-க்கும் 45-க்கும் இடையிலேயே தொடங்கலாம். யார் அவர்கள்? அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்தப் புற்று வந்தவர்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர், பி.ஆர்.சி.ஏ. 2 போன்ற மரபணுப் பிறழ்வு உள்ளவர்கள். குடும்ப வரலாறு கேட்டால் ஆண்கள் அப்பாவையும் சித்தப்பாவையும் மட்டும் சொல்வார்கள். அம்மாவுக்கு மார்பகப் புற்று, அக்காவுக்குச் சினைப்பைப் புற்று என்பதைச் சொல்லத் தோன்றாது. அதே மரபணுப் பிறழ்வு இங்கும் வேலை செய்யலாம். அதை விட்டுவிட்டால் குடும்ப வரலாற்றின் பாதியை மறைத்ததாகிவிடும்.

ஒவ்வொரு வருடமும் சோதிக்க வேண்டும் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லாதது. 60 வயதில் பி.எஸ்.ஏ. 1-ஐத் தாண்டாதவர், 85 வயதுக்குள் இந்தப் புற்றால் இறக்கும் வாய்ப்பு 0.2 சதவீதம் என்று சுவீடன் ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. அவர் வருடாவருடம் ஊசி குத்திக்கொள்வதில் அர்த்தம் குறைவு.

நிறுத்துவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சோதனையின் பயன் தெரியப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. 78 வயதில், இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த ஒருவருக்குப் பழக்கத்தின் பேரில் பி.எஸ்.ஏ. எழுதுவது, நன்மை வந்து சேராத வயதில் இழப்பை மட்டும் கொடுப்பது. வீட்டில் பிள்ளைகள் அக்கறையோடு முழுப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது, இந்த ஒரு வரியை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். அது அப்பாவைக் கைவிடுவதாகாது.

டாக்டரிடம் போகும்போது

பேச்சுக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். ஆகவே கையில் ஒரு தாள் இருப்பது நல்லது: பழைய பி.எஸ்.ஏ. அளவுகள் தேதியோடும் ஆய்வுக்கூடத்தின் பெயரோடும், சாப்பிடும் எல்லா மருந்துகளும் (முடிக்கான மாத்திரையையும் சேர்த்து), குடும்பத்தில் யாருக்கு எந்தப் புற்று எந்த வயதில். கேட்க வேண்டியவையும் அதிகமில்லை. கூடி வந்தால் முதலில் மறு சோதனையா? பயாப்ஸிக்கு முன் எம்.ஆர்.ஐ. கிடைக்குமா? பயாப்ஸி எந்த வழியில் செய்கிறீர்கள்? சின்னப் புற்று என்றால் உங்களிடம் கண்காணிப்பில் இருக்க முடியுமா, அல்லது பெரும்பாலும் ஆபரேஷன்தானா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் பல நேரங்களில் மொத்தப் பாதையையும் தீர்மானிக்கிறது.

டாக்டரும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எதை இழக்க இவர் தயாரில்லை? அறுவை சிகிச்சைக்குப் பின் நீண்ட காலத்துக்கு மூவரில் இருவருக்கு விறைப்புக் குறைபாடும், ஐவரில் ஒருவருக்குப் பேடு வைக்கும் அளவுக்குச் சிறுநீர்க் கசிவும் இருந்ததாக ஆய்வுகள் காட்டின. சிலருக்கு அது உயிருக்கு முன்னால் பெரிதில்லை. சிலருக்கு, வந்தே தீரும் என்றில்லாத ஒரு மரணத்துக்காக அதைக் கொடுக்க மனம் வராது. இரண்டு நிலைப்பாட்டிலும் தவறில்லை. மனைவியும் கூட இருந்தால் இந்தப் பேச்சு இன்னும் நேர்மையாக நடக்கும். விளைவுகளோடு வாழப்போவது இருவரும்தானே.

எல்லாவற்றையும் யோசித்துவிட்டு ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்பவரும் சரியான முடிவையே எடுத்திருக்கலாம். இரண்டு வருடம் கழித்து மறுபடி யோசிக்கவும் செய்யலாம். ஆனால் அந்த மறுப்பு, தொந்தரவு இல்லாதபோது செய்யும் சோதனைக்கு மட்டும் பொருந்தும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, இடுப்பெலும்பிலும் முதுகிலும் ராத்திரி தூங்கவிடாத வலி நிலைத்தாலோ, அது நோயைக் கண்டறியும் வேலை. எந்த வயதானாலும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். முதுகுவலியோடு கால்கள் மரத்துப்போனாலோ, நடக்க வலுவிழந்தாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை மீறினாலோ, தண்டுவடம் நெரிபடுகிறது என்று எண்ணி அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் இழந்த நடை திரும்பாமல் போகலாம்.